தைத்துத் தர முடியாத எட்டு ஜோடி கிளவுஸ்

சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. வந்த மறுநாளே பதில் போட்டுவிடுகிறவன் இந்தத் தடவை போடவில்லை என்றதும், எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து எதிர்வீட்டு டெலிபோனுக்குக் கூப்பிட்டு உங்கம்மாவிடம் விசாரித்தாயாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த வயதில் எல்லோருக்கும் இருக்கிற மூட்டுவலிதான். நீ கேட்டதை என்னால் செய்து தர முடியாது. ஏன் என்று சொல்லாமல் முடியாது என்று மட்டும் எழுதவும் கை வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் பாக்சிங் ஆரம்பிக்கச் சொல்லி ஹெட்மாஸ்டர் உன்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். வாலிபாலும் கபடியும் சொல்லித்தர வந்த பி.டி. மாஸ்டருக்கு இது எங்கிருந்து வந்தது என்று நீயே கொஞ்சம் மிரண்டிருந்தாய். கீழே நான்கு வரி எழுதியிருந்தாய், அந்த நான்கு வரிதான் என்னைப் படுத்துகிறது. ‘நான் இதைச் சொல்லிக்கொடுக்கத் தகுந்தவனா என்று தெரியவில்லை அப்பா. என் கை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தைத்த கிளவுஸ் என்றால் எனக்குத் தைரியமாக இருக்கும். எட்டு ஜோடி தைத்து அனுப்புங்கள்.’ இதைப் படித்துவிட்டு சீட்டு தைக்கிற ஷெட்டுக்குப் போனேன். ஒரு பஸ்ஸின் பின் சீட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை ஊசியைக் கையில் எடுக்கவில்லை.

உன் கை ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். கடைசியில் சொல்லலாம் என்று நினைத்தால் வழியில் எங்காவது நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று தாண்டிப் போய்விடாதே. உனக்குத் தெரிந்தது பாதி. அந்தப் பாதியும் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது.

நீ பத்தாவது படித்த வருஷம். எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஹவில்தார் துரைசாமி, செங்கம் ரோட்டில் மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் நெல் காயவைக்கிற களத்தில் பையன்களைச் சேர்த்துக் குத்துச்சண்டை பழக்க ஆரம்பித்தார். நீ போனாய். மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏழுமலையும் போவான். எட்டாவதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். அவன் வீட்டு நிலக்கடலையை நீ பாக்கெட்டில் நிரப்பிக்கொண்டு வருவாய். உங்கம்மா கட்டிக்கொடுக்கிற புளிசாதம் அவன் வயிற்றுக்குப் போகும். ஹவில்தார் அவனை ஒரு நாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த மார்புக்கும் தோளுக்கும் பட்டாளத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னாராம். அன்றிலிருந்து ஏழுமலை விடிகாலையில் எழுந்து மலையைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். அவன் வீட்டில் கொஞ்சம் மானாவாரி நிலம், மழையை நம்பிய பிழைப்பு. அந்த வேலை கிடைத்தால் குடும்பமே நிமிர்ந்துவிடும் என்று அவன் அப்பா என்னிடமே சொல்லியிருக்கிறார்.

பத்துப் பையன்களுக்கு ஹவில்தார் கொண்டுவந்த பழைய பட்டாளத்துக் கிளவுஸ் ஒரே ஒரு ஜோடிதான். நல்லதாக நான்கு ஜோடி மெட்ராஸிலிருந்து வரவழைக்கலாம், ஆளாளுக்கு ஆனதைக் கொடுங்கள் என்று அவர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு நம் வீட்டுக்கும் வந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் முதலாளிகள் வண்டியை அனுப்பி என்னிடம் சீட்டு தைத்துப் போகிற காலம் அது. நானே தைத்துத் தருகிறேன் என்றேன். அவர் தயங்கினார். இது வேற மாதிரி வேலைங்க, மெட்ராஸ்லருந்தே வரட்டும் என்று பதமாகத்தான் சொன்னார். ஒரு பஸ் முழுக்க சீட்டு தைக்கிறவனுக்குக் கைக்கு உறை தைக்கத் தெரியாதா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். நீ என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். உன் முன்னால் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

நான்கு ஜோடி தைத்தேன். சிவப்பு ரெக்சின், ஓரத்தில் உருட்டித் தைத்த வெள்ளை பைப்பிங். உள்ளே தேங்காய் நாரும் மேலே பஞ்சும். பார்க்கக் கண்ணைப் பறித்தது. பையன்கள் மாட்டிக்கொண்டு கீழே வைக்க மறுத்தார்கள். ஹவில்தார் மட்டும் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார், விரலை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஜோடியில் கட்டை விரல் உறை தொளதொளவென்று தனியாக ஆடிக்கொண்டிருந்தது. குத்தும்போது இது விலகி எதிராளி கண்ணில் படும், உள்ளங்கையோடு சேர்த்து ஒரு பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள் என்றார். சரி என்று வாங்கி வந்தேன். பட்டி வைத்தால் கிளவுஸின் அழகு போய்விடும் என்று எனக்குப் பட்டது. பஸ் சீட்டின் ஓரம் தொங்காமல் நிற்க, பைப்பிங்குக்குள் மெல்லிய கம்பி ஓட்டுவது எங்கள் வழக்கம். அதே கம்பியில் ஒரு துண்டு வெட்டி, அந்தக் கட்டை விரல் தையலுக்குள் ஓட்டிவிட்டேன். விரல் விறைப்பாக நின்றது. உள்ளே வேலை செய்துவிட்டேன், இனி ஆடாது என்று ஹவில்தாரிடம் கொடுத்தேன். அவர் அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு ஹவில்தார் பையன்களை ஆடவிட்டார். நான் வந்தது உன்னைப் பார்க்க என்று இத்தனை நாள் நினைத்திருப்பாய். கிளவுஸை யார் தைத்தது என்று நாலு பேர் கேட்பார்கள், அதைக் காதால் கேட்க வேண்டும் என்று வந்தேன். நீயும் ஏழுமலையும் கடைசி ஜோடி. இரண்டாவது சுற்றில் உன் இடது கை அவன் முகத்தில் பட்டது. பெரிய குத்துகூட இல்லை. அவன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சத்தமே போடவில்லை. ஹவில்தாரும் மற்றவர்களும் அவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். நீ நடுக்களத்தில் கிளவுஸோடு நின்றுகொண்டிருந்தாய். நான் வந்து உன் கையிலிருந்து லேஸை அவிழ்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். இடது கை கிளவுஸின் கட்டை விரல் நுனியில் ரெக்சினைக் கிழித்துக்கொண்டு கம்பி ஒரு அரிசி நீளத்துக்கு வெளியே வந்திருந்தது.

நீ ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கம்பியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று எழுதினால் பொய். ஷெட்டுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள், ஏழுமலை வீட்டார் என்னை என்ன செய்வார்கள், போலீஸ் வருமா என்று அந்த ஒரு நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் யோசித்தேன். உன்னைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஹவில்தார் கிளவுஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கூராக ஏதோ பட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கம்பி போன கட்டை விரல் மறுபடி தொளதொளவென்று ஆடியது. சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே என்றார். “நல்லாத்தாங்க இருந்துச்சு. பையன் வெரலை விரிச்சுட்டான். அந்த இழுப்புல தையல் விட்டுப்போச்சு, கிழிஞ்ச ரெக்சின் நுனிதான் பட்டிருக்கும்” என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான். உன்னை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் உன்னைப் பார்த்த பார்வையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. விரலை விரித்துக் கண்ணில் குத்துகிறவனுக்கு இங்கே இடமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதத்தோடு வகுப்பையே நிறுத்திவிட்டார்.

நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஷெட்டுக்கு வந்து என் எதிரில் நின்றாய். “நான் வெரலை மடக்கித்தான்பா வெச்சிருந்தேன். எனக்கு நல்லா தெரியும்” என்றாய். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் கண்ணைப் பார்க்காமல், “அந்த வேகத்துல உனக்கு எப்படிடா தெரியும்?” என்று கேட்டேன். நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அப்புறம் போய்விட்டாய். சேகர், கம்பி வைத்தது என் திமிர். அதை மறைத்தது என் பயம். ஆனால் உனக்குத் தெரிந்த ஒன்றை உனக்குத் தெரியாது என்று நம்பவைத்தேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று பதினோரு வருஷமாக எனக்குத் தெரியவில்லை.

ஏழுமலைக்கு அந்தக் கண் போனது உனக்குத் தெரியும். பட்டாளக் கனவும் அதோடு போனது. உனக்குத் தெரியாதது இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த வாரமே உங்கம்மா சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து கம்பி விழுந்தது. அதில் சிவப்பு ரெக்சின் பிசிறு ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. பையனிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். பரீட்சை முடியட்டும் என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நீங்களே சொல்லணும், நான் சொன்னா அவனுக்கு அப்பன்னு ஒருத்தன் இல்லாம போயிடுவான் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வீட்டில் தையல்காரன் இருக்கும்போது தலையணை உறையைக்கூட எதற்கம்மா வெளியில் தைக்கக் கொடுக்கிறாய் என்று நீ அவளைக் கிண்டல் செய்வாயே, அது இதனால்தான். அன்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு கிழிசலைக்கூடக் கொடுத்ததில்லை.

உன் கடிதம் வந்தபின் முதலில் ஒரு கோழைத்தனம்தான் தோன்றியது. கண் சரியாகத் தெரியவில்லை, நல்ல கடையில் வாங்கிக்கொள் என்று இரண்டு வரி எழுதிவிடலாம் என்று. அந்த நல்ல கடை எது, நல்ல கிளவுஸ் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. விடிகாலை பஸ் பிடித்து மெட்ராஸ் போனேன். விசாரித்து விசாரித்து ஒரு விளையாட்டுச் சாமான் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் சின்ன வயதில் மேடை ஏறிக் குத்துச்சண்டை போட்டவர், மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது. பையன் மாஸ்டராக இருக்கிறான், புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு வேண்டும் என்றேன். “அப்ப அழகைப் பாக்காதீங்க, எடையைப் பாருங்க” என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதையும் என் கை கண்டதையும் இங்கே எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

பழகுகிற பையன்கள் எதிரெதிரே நின்று ஆடும்போது கனமான கிளவுஸ்தான் போட வேண்டும். சின்னப் பையனுக்குப் பன்னிரண்டு அவுன்ஸுக்குக் குறையாமல், பெரிய பையனுக்குப் பதினாலு, பதினாறு. எட்டு அவுன்ஸ் கையில் இலகுவாக இருக்கும், பையன்கள் அதற்குத்தான் ஆசைப்படுவார்கள், கொடுக்காதே. கையை எங்கே நிறுத்துவது என்று தெரியாத வயதில் அடிக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் பஞ்சு ஜாஸ்தி இருக்க வேண்டும். மேல்தோல் நல்ல தோலாக இருக்கட்டும். ரெக்சின் வியர்வையிலும் வெயிலிலும் வெடிக்கும், வெடித்த ஓரம் முகத்தை அறுக்கும். கிளவுஸை மாட்டிக்கொண்டு, முஷ்டி படுகிற இடத்தை மறு கைக் கட்டை விரலால் அழுத்திப் பார். உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். அழுத்தினால் எலும்பு தட்டுகிறது, அல்லது உள்ளே கட்டி கட்டியாக நெருடுகிறது என்றால் எவ்வளவு கம்மி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அடிபடுகிற முகப்பில் தையலே வரக் கூடாது. பைப்பிங், பூவேலை எதுவும் கூடாது. லேஸ் மணிக்கட்டுக்கு உள்பக்கம் வர வேண்டும். கட்டிய பிறகு முடிச்சின் மேல் துணிப் பட்டியைச் சுற்றி மறைத்துவிடு.

கடைக்குப் போகும்போது பையன்களில் இரண்டு பேரைக் கூட்டிப் போ. கையில் பேண்டேஜ் துணியைச் சுற்றிவிட்டு அதன்மேல் போட்டுப் பார்க்கச் சொல். வெறும் கைக்குச் சரியாக இருப்பது துணி சுற்றினால் இறுக்கிப் பிடிக்கும். உள்ளே முஷ்டி தானாக மடங்க வேண்டும், கிளவுஸோடு மல்லுக்கட்டக் கூடாது. மணல் மூட்டையைக் குத்துவதற்குத் தனி ஜோடி வை. மூட்டையைக் குத்திக் குத்தி இறுகிப்போனதை மாட்டிக்கொண்டு ஒருவன் முகத்தில் இன்னொருவன் குத்தக் கூடாது. நனைந்தால் நிழலில் காயவை. பஞ்சு இறுகிய நாளன்று தூக்கிப் போட்டுவிடு. பிரித்துத் திரும்ப அடைக்கலாம் என்று யாராவது கைவேலைக்காரன் வந்து சொன்னால், உன் அப்பனாகவே இருந்தாலும், கேட்காதே. ஆட விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் எல்லா கிளவுஸையும் உன் கன்னத்தில் நீயே தேய்த்துப் பார்.

கட்டை விரலைப் பற்றிக் கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கொடுத்த கிளவுஸை மாட்டிக்கொண்டு விரலை விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டை விரலை உள்ளங்கையோடு சேர்த்து ஒரு சின்னப் பட்டி வைத்துத் தைத்திருந்தார்கள். இரண்டு அங்குலத் தோல். ஹவில்தார் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அது பத்து நிமிஷ வேலை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்னங்க, தண்ணி வேணுமா என்று கேட்டார் அந்த மனிதர். கையிலிருந்து கிளவுஸைக் கழற்றவும் அவர்தான் உதவினார்.

ஊர் திரும்பிய மறுநாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். ஏழுமலை மலை சுற்றுகிற பாதையோரம் கடை வைத்திருக்கிறான். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு சோடா, கற்பூரம், வாழைப்பழம். அன்று கூட்டமில்லாத நாள். வாங்க மாமா என்று பெஞ்சைத் துடைத்தான். பெண்டாட்டியை டீ போடச் சொன்னான். டீ வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியை, உருவியதை, ஹவில்தாரிடம் சொன்ன பொய்யை. அவன் என்னை நடுவில் நிறுத்தவே இல்லை. முடித்த பிறகு ரொம்ப நேரம் பாட்டில்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தான்.

“அவனுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

“அவன் வேணும்னே செஞ்சான்னு இத்தினி வருஷமா நெனச்சுட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுல ரெண்டு தடவை எதிர்ல வந்தான், மூஞ்சைத் திருப்பிக்கினு போயிட்டேன். உங்களை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. மொதல்ல அவனுக்கு எழுதுங்க. எழுதிட்டு அப்புறமா வாங்க, இல்ல வராமலேகூட இருங்க. இப்ப கெளம்புங்க.”

மாமா என்ற வார்த்தை அதற்கப்புறம் அவன் வாயில் வரவில்லை. டீ எடுத்துக்கொண்டு வந்த அவன் பெண்டாட்டி ஒன்றும் புரியாமல் தம்ளரோடு நின்றாள். நான் நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன். ஹவில்தாரிடமும் சொல்லலாம் என்றால் அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசிவரை உன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு இனி யாரும் எதுவும் செய்ய முடியாது.

நீ பாக்சிங் சொல்லிக்கொடு. தகுந்தவனா என்று கேட்டிருந்தாய். செய்யாத தப்புக்காகப் பதினோரு வருஷம் தன் கையைப் பார்த்துப் பயந்தவன், அடுத்தவன் முகத்துக்கு எதிரில் ஒரு பையனை நிறுத்தும்போது நிச்சயம் கவனமாக இருப்பான். ஏதாவது தப்பு நடந்து, ஒரு பையன் உன்னிடம் வந்து ‘நான் அப்படிச் செய்யவில்லை சார்’ என்று சொன்னால், முதலில் அவனை நம்பு. அப்புறம் மற்றதை விசாரி. எனக்கு நீ பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொங்கலுக்கு வராவிட்டாலும் காரணம் கேட்கமாட்டேன். ஏழுமலைக்கு மட்டும் ஒரு வரி போடு. முடிந்தால் நேரில் போ.

எழுதியதை உங்கம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். எதையாவது மறைத்திருக்கிறேனா என்று கேட்டேன். கையில் கம்பி இருந்தபோது உன்னைப் பற்றி யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். சரி, அப்படியே இருக்கட்டும் என்றாள். இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். என்னிடம் கொடுத்து அனுப்ப அவளுக்கு நம்பிக்கையில்லையாம், தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு வருவாளாம். சாயந்திரத் தபால் எடுக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. கவரை ஒட்ட வேண்டும்.

அப்பா